பூனையை விரட்டுவதற்கு முன்...



மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடுகிறோம். லேப் ரிப்போர்ட்டில் 'டாக்சோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ்' என்று ஒரு வரி வந்தால் போதும், வீடே களையிழந்துவிடுகிறது. உடனே கூகுள். கருச்சிதைவு, குழந்தைக்குக் கண் பாதிப்பு, மூளை பாதிப்பு... படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. 'எல்லாம் பூனையால் வந்தது' என்று சாயங்காலத்துக்குள் பூனை சாக்குப்பையில்!

கொஞ்சம் நிதானிப்போமா?

டாக்சோபிளாஸ்மா அபூர்வமான கிருமி அல்ல. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது தொற்றியிருக்கும் என்பது மதிப்பீடு. 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பிள்ளை பெறும் வயதிலுள்ள இந்தியப் பெண்களில் சுமார் 22 சதவிகிதம் பேருக்கு இதன் எதிர்ப்பொருளான ஐஜிஜி ரத்தத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் 37 சதவிகிதம். பலருக்கு அது வந்துபோனதே தெரியாது.

ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்பொருள் நெகட்டிவ் என்றால், கிருமி எப்போதோ வந்து உடம்பு அதை அடக்கிவைத்துவிட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம். வயிற்றுப் பிள்ளைக்கு அது காவல்தான். பெரும்பாலும் கர்ப்பமான பிறகு முதன்முதலாகத் தொற்றினால்தான் சிக்கல். அந்தச் சந்தேகம் வந்தால் டாக்டர் 'அவிடிட்டி' டெஸ்ட் எழுதுவார். தொற்று பழசா புதுசா என்று பார்க்க அது உதவும். மருந்தும் இருக்கிறது. ஆக, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர் யார்? 'எல்லாம் நெகட்டிவ்' என்று நிம்மதியாக இருப்பவர்தான்!

பாவம், பூனை. கிருமி தொற்றிய புதிதில் சில வாரங்கள்தான் அதன் மலத்தில் வெளியேறும். அதுவும் குறைந்தது ஒரு நாள் கழிந்த பிறகே பிறருக்குத் தொற்றும். தினமும் வீட்டில் வேறு யாராவது அள்ளிப்போட்டால் தீர்ந்தது. ஆறு ஐரோப்பிய நகரங்களின் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில் முதல் குற்றவாளி சரியாக வேகாத இறைச்சி, அடுத்தது மண். 2004-ல் கோவைப் பகுதியில் இந்தக் கிருமியால் 248 பேருக்குக் கண் பாதித்தபோது சந்தேகம் குடிநீர் மீது விழுந்தது.

எனவே கறியை நன்றாக வேகவிடுங்கள். கீரை, காய்களை அலசுங்கள். தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். தோட்ட வேலை செய்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்ணிடம் அந்தப் பழைய ஐஜிஜி ரிப்போர்ட்டைக் காட்டி, 'உங்க வீட்டுப் பூனையாலதான்' என்று பிறந்த வீட்டைக் குத்திக்காட்டாதீர்கள். பழைய தொற்று அதற்குக் காரணமாவதில்லை. வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்றைக்கு நீங்களும் கூடவே போங்கள்.