கச்சரி களையா, பயிரா?

மேற்கு ராஜஸ்தானத்தில் பருவ மழை தொடங்கியதும், கம்புக்கும் கொத்தவரைக்கும் இடையே ஒரு கொடி தானாகவே முளைத்துப் படர்கிறது. அதன் காய் கோழிமுட்டை அளவினது. அங்குள்ளோர் அதனைக் கச்சரி என்பர். நம் ஏடுகளில் அது களை என்றோ, காட்டு வெள்ளரி என்றோ குறிக்கப்படுகிறது. இவ்விரண்டும் பொருந்தா என்பது என் கருத்து.

கச்சரி வெள்ளரி இனமன்று. முலாம்பழ இனத்தைச் சார்ந்தது. தென் தமிழ்நாட்டில் மோரிலிட்டு வற்றலாக்கும் மிதுக்கங்காயும் அதற்கு நெருங்கிய உறவே. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வெள்ளரிக்கு அருகே கச்சரியை வளர்த்தால் விதை கலவாது. முலாம்பழத்திற்கு அருகே வளர்த்தால் தேனீக்கள் வாயிலாக மகரந்தம் கலந்து விதையின் குணம் மாறிவிடும்.

களை என்பதும் தகாது. பழுத்த கச்சரியைத் தோல் சீவி, வில்லைகளாக அரிந்து, வெயிலில் உலர்த்திப் பொடித்து வைத்தால் ஆண்டு முழுவதும் கறிக்குப் புளிப்பூட்ட உதவும். அதிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் நொதி இறைச்சியை மிருதுவாக்குகிறது. பூண்டும் மிளகாய் வற்றலும் கூட்டி அரைத்த கச்சரித் துவையல் கம்பு ரொட்டிக்கு ஏற்ற துணை. பீகானேரிலுள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிலையம் ஏ.எச்.கே. 119, ஏ.எச்.கே. 200 என்னும் இரு கச்சரி ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

இரண்டு ரகங்கள் வந்தபின் வீட்டு விதை எதற்கு என்று சிலர் வினவலாம். சாம்பல் நோயால் கலிபோர்னியாவின் முலாம்பழப் பயிர் நலிந்தபோது, 1936-இல் அங்கு வெளியிடப்பட்ட எதிர்ப்பு ரகம் தன் வலிமையை இந்திய முலாம்பழ விதையிலிருந்தே பெற்றது. எந்த விதையில் எக்குணம் உறைகிறதென முன்கூட்டி அறிதல் அரிது. களைக்கொல்லியால் அழிந்தபின் அதனைத் தேடிப் பயனில்லை.

வீட்டுத் தோட்டத்தில் இதனை வளர்ப்பது எளிது. முதல் மழையில் விதையிட்டுப் பந்தலோ வேலியோ காட்டினால் ஏறத்தாழ பத்து வாரங்களில் பழம் கிடைக்கும். ஒரு விதி மட்டும் தவறலாகாது. பழுத்த பின்னும் கசக்கும் காயை உண்ணற்க. அக்கசப்பு நஞ்சாகும், சமைத்தாலும் நீங்காது. அக்கொடியின் விதையையும் சேமிக்க வேண்டாம்.

ஆதலின், களப்பணியாளர் களையெடுக்கச் சொல்லுமுன் அவ்வீட்டுப் பெண்களிடம் அக்கொடியின் பயனைக் கேட்டறிக. ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் நான்கு கொடிகளுக்கு இடமளித்து, விதை வந்த ஊரையும் அங்கு வழங்கும் பெயரையும் மாணவரைக் கொண்டு எழுதி வைக்கச் செய்க. செலவில்லாத இப்பணியே அவ்விதைகளுக்குக் காப்பாகும்.