அவர்களுக்குக் கற்பனை, நமக்கு மதில்

2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் 'லெய்லா' வந்தது. 2040களில் நடக்கும் கதை: சமூகத்துக்கொரு மதில், தூய்மை வெறி, தண்ணீர்ப் பஞ்சம். இந்து விரோதம், புறக்கணிப்போம் என்று பார்வையாளர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். மிகை என்றார்கள் இன்னொரு சாரார்.

எது மிகை? 2018இல் நம் அவிநாசி வட்டத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் இடமாற்றியது அந்த அம்மாவைத்தான். போராடிய பிறகே உத்தரவு ரத்தானது.

'லெய்லா' வந்த அதே ஆண்டு, டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூரில் மதில் சரிந்து நம் மக்கள் 17 பேர் மாண்டார்கள். திரையில் கண்ட மதிலுக்குப் பொங்கியவர்கள் இந்த மதிலுக்கு எங்கே போனார்கள்?

தோழர்களே, உலகம் அழிந்தபின் வருமென்று அவர்கள் பயப்படுவதில்தான் நாம் தலைமுறைகளாக வாழ்கிறோம். விடுதியில் இத்தகைய தொடர் பார்த்தால் கேளுங்கள்: உங்கள் ஊரில் மதில் எந்தப் பக்கம்?