தட்டை மட்டும் படம் பிடித்தால் போதுமா?

மார்கழி பிறந்தால் திருத்தணியில் பனி கொட்டும். மலைமேல் முருகன் கோவில். ஏறிச் செல்ல 365 படிகள். டிசம்பர் 31-ந்தேதி படித் திருவிழா. பக்தர்கள் திருப்புகழ் பாடிக்கொண்டே படி ஏறுவார்கள்.

அந்தக் குளிருக்கு எது இதம்? விருந்துச் சாப்பாடு அல்ல. சுடச்சுட வீட்டுச் சாப்பாடு! வெண்பொங்கல், மிளகு ரசம், கேழ்வரகுக் களி.

இப்போது சாப்பாடு தட்டுக்கு வந்ததும் செல்போனில் படம் பிடிக்கிறோம். வெளியூரில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் அனுப்புகிறோம். அது பாசம். குறை சொல்வதற்கில்லை.

ஆனால், எதைப் படம் பிடிக்கிறோம்? பொங்கலைப் பிடிக்கிறோம். மேலே நெய்யும் முந்திரியும் பளபளக்கின்றன. களியை விட்டுவிடுகிறோம். "கறுப்பாக இருக்கிறதே, இதைப் போய் எடுப்பதா?" என்கிறோம்.

களி என்ன குற்றம் செய்தது?

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந்தேதி ஆந்திராவில் இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மாறியது. களி மாறவில்லை. இந்தப் பக்கம் களி என்கிறோம். அந்தப் பக்கம் ராகி சங்கடி என்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

கைப்பக்குவம்

களி கிண்டுவது லேசான வேலை அல்ல. முதலில் அரிசி நொய் குழைய வேண்டும். பிறகு மாவைக் கொட்டி, மூடி, சிறு தீயில் வேகவிட வேண்டும். அதன்பின் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். வெந்துவிட்டதா? பாட்டி கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

தட்டில் இருக்கும் உருண்டையைப் பார்த்தால் இது தெரியுமா? தெரியாது. யாரும் கேட்டு வைக்காவிட்டால், அந்தப் பக்குவம் பாட்டியோடு போய்விடும்.

மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951-ல் வெளிவந்தது. கல்யாணமாகிப் போன பெண்கள் பலர் அதைக் கையோடு கொண்டு போனார்கள். ஏன்? எதை எவ்வளவு போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வேலையை இன்று ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

இதைச் செய்யுங்கள்

அடுப்படிக்குப் போங்கள். பாட்டி கிண்டும்போது அந்தக் கையைப் படம் பிடியுங்கள். "எத்தனை டம்ளர் தண்ணீர்? எவ்வளவு மாவு?" என்று கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுங்கள். பக்கத்தில் பாட்டியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

தட்டுக்கு ஒரே ஒரு படம் போதும். நாலைந்து எடுப்பதற்குள் களி இறுகிவிடும். சமைத்தவருக்கும் அப்போதே தட்டு வையுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஆறிய களியைத் தின்பது அவர் தலைவிதி அல்ல!