கேட்கத் தெரிந்து கேட்போம்

அங்கத்தினரிடம் விவரம் சேகரித்துத் திட்டம் வகுப்பது நம் பகுதிச் சங்கங்கள் சிலவற்றில் வழக்கமாகி வருகிறது. வரவேற்க வேண்டிய முயற்சியே. ஆயினும், வினாக்கள் செம்மையாக அமையாவிடில் அலைந்த உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும்.

இதை நாம் பட்டே அறிந்தோம். நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு நாம் எழுதிக் கொடுத்த வினாத்தாளில், "ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்பது முதல் வினா. வந்த விடைகளோ பெரும்பாலும் ஒரே தொகை! சலுகை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம். ஆண்டுக் கணக்கு நினைவில் நில்லாமை மறுபுறம். குற்றம் அங்கத்தினருடையதன்று, நம்முடையதே. "கடைசிப் பாவில் எத்தனை சேலை? எத்தனை நாள்? கூலி எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் உண்மை தானே வெளிப்பட்டிருக்கும்.

"வீட்டில் நெசவாளர் எத்தனை பேர்?" என்றால் "ஒருவர்" என்பர். தார் சுற்றும் மனைவியும் பாவு பிணைக்கும் தாயும் ஏட்டில் ஏறார். 2019-20ஆம் ஆண்டு அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர் 8.48 லட்சம். தனியே கேட்டதனால் அன்றோ இவ்விரண்டாம் தொகை கிடைத்தது?

மரவள்ளி விவசாயிகளிடமும் இதே நிலைதான். "டன் என்ன விலைக்குப் போயிற்று?" என்பது மட்டும் போதாது. மாவுச்சத்துப் பாயிண்டை வைத்தே ஆலைகள் விலை வைப்பதால், பாயிண்டையும் கேளாவிடில் இராசிபுரத்து விலையையும் ஆத்தூர் விலையையும் ஒப்பிட இயலாது.

சரியான கேள்வியின் வலிமைக்குச் சான்று வேண்டுமா? 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வு, 75 ஜில்லாக்களில் 600 கிராமங்களுக்குச் சென்று, "யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினீர்?" என்று விசாரித்தது. கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றே என்பது வெளிப்பட்டது. கசப்பான உண்மைதான். ஆனால் அதன் பின்னரே கூட்டுறவுக் கடனுக்குப் புதிய வழி பிறந்தது. 1955இல் ஸ்டேட் வங்கியும் தோன்றியது.

கசப்பைக் கேட்கும் துணிவு நம் சங்கங்களுக்கும் வேண்டும். "சங்கத்தின் சேவை திருப்தியா?" என்று காரியதரிசியே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டால், எவர்தாம் இல்லை என்பார்? பெயர் எழுதாத தாளில், "சென்ற மாதம் நூல் தாமதமாயிற்றா? எத்தனை நாள் தறி நின்றது?" என்று கேளுங்கள். ஒரு வினாவில் ஒரே செய்தி இருக்கட்டும். முதலில் ஐந்து வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்துங்கள். கிடைத்த விடையைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுங்கள்.

தம் சொல்லுக்குப் பயன் விளைந்ததைக் கண்ட அங்கத்தினர் அடுத்த முறை மறைக்கமாட்டார். அந்நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம்.