இறால் பண்ணையும் நம்ம ஊத்துத் தண்ணியும்



இராமநாதபுரம் என்றாலே தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரங்க சொல்லுவாங்க. அது முழு உண்மை இல்லை. கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணி ஊறும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். மழைத்தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு. அதனால் மணலுக்குள்ளே உப்புத் தண்ணி மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணி இருக்குமாம். திருப்பி யோசித்துப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும்!

இப்போ தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் இருக்கின்றன. உப்புத் தண்ணியைக் கட்டி மாசக்கணக்கில் நிறுத்துறாங்க. அது மண்ணுக்குள் இறங்குது. 2009இல் வனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்தது. பசிபிக் கடல் இறால் அது. உப்பு குறைந்த தண்ணியிலும் வளரும். அதற்காகச் சில இடங்களில் போர் போட்டு நல்ல தண்ணியும் எடுத்துக் கலக்குறாங்க. மேலேயிருந்து உப்பு இறங்குது, கீழே நல்ல தண்ணி போகுது. அப்புறம் கிணறு கரிக்காமல் என்ன செய்யும்? இறாலைப் பிடித்ததும் தீவன மிச்சம், கழிவு எல்லாம் வாய்க்காலுக்குத்தான் வருது.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். 1912இல் நம்ம இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர். தஞ்சை, நாகை பக்கம் ஏழைகளுக்காக உழைத்தவர். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணை கூடாது, விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது அவருக்கு வயது 84. ஆனால் 2005இல் தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்தால் பண்ணை நடத்தலாம் என்றானது. பதிவு செய்யாமல் நடத்தினால் ஜெயில் என்று அதில் இருந்தது. 2023இல் அதையும் எடுத்துவிட்டு அபராதம் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. அபராதம் கட்டினால் கிணற்றில் உப்பு குறையுமா?

பண்ணையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்க சித்தி அங்கேதான் கூலிக்குப் போறாங்க. மழை பொய்த்த வருசம் அந்தக் காசில்தான் அவுங்க வீட்டில் உலை கொதித்தது. ஆனால் அந்தக் கூலியில் ஒரு பங்கைத் தண்ணி வண்டிக்காரரிடம் குடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிறாங்களே, அதை யார் கணக்கில் எழுதுவது? காவிரித் தண்ணி குழாயில் வருதே என்று கேட்பீர்கள். வராத நாளில் ஊத்துதானே கதி.

இன்னொன்று. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைதான் கட்டாயம் கழிவுநீரைச் சுத்தம் செய்யணும் என்று பழைய விதிகளில் இருக்கிறது. சின்னப் பண்ணை பத்து சேர்ந்து ஒரே வாய்க்காலில் விட்டால் அது பெரிய பண்ணை இல்லையா?

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை நடக்கும். எந்தெந்தப் பண்ணை பதிவு பெற்றது என்ற பட்டியலை அன்றைக்குப் போர்டில் ஒட்டச் சொல்லிப் பெரியவங்க கேட்கணும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. நம்ம ஊத்து இப்போ எவ்வளவு காட்டுது என்று அளந்து அதையும் பக்கத்தில் எழுதணும். நாம் சும்மா இருக்க வேண்டாம். சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் உப்புத் தண்ணி பால் மாதிரி வெளுக்கும். அறிவியல் டீச்சர் சம்மதித்தால், ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வர நான் ரெடி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி