துறைமுகத்துக்குக் காவல் எங்கே?

இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை வந்தடைந்தது. மலையின் விளைபொருளைக் கொழும்புக் கப்பற்றுறைக்கு இறக்குவதே அதன் முதல் நோக்கம்; நம்மவர் பயணஞ் செய்யவென்று எவரும் மலை குடைந்தாரில்லை. கப்பல் நகர்ந்தாற்றான் தேயிலைக்குப் பணம். தேயிலைக்குப் பணம் வந்தாற்றான் லயத்து அடுப்பில் உலை. துறைமுகக் கணினிகளைப் பற்றி மலையில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறீர் என்று கேட்போர்க்கு எம் விடை அதுவே.

கொள்கலன் துறைமுக வாயிலைக் கடப்பதும், பாரந்தூக்கி அதனை உரிய கப்பலில் ஏற்றுவதும், சுங்கப் பத்திரம் ஒப்பேறுவதும் இன்று கணினியின் சொற்படியே. 1883 முதல் குரலெழுப்பி நடந்த கொழும்புத் தேயிலை ஏலமே 2020இல் கணினித் திரைக்கு மாறிவிட்டது. கணினி வாய் மூடினால் ஆயிரம் தோள்கள் இருந்தும் என்ன பயன்?

2017 யூன் 27ஆம் நாள் மேர்ஸ்க் கப்பற் கம்பெனிக்கு நேர்ந்தது இதுவே. உக்ரேனிற் பயன்பட்ட கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றின் வழியே புகுந்த 'நொட்பெட்யா' என்னும் நாசநிரல் அக்கம்பெனியின் வலையமைப்பைச் சில மணி நேரத்தில் வீழ்த்தியது. மும்பையை அடுத்த ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் முடங்கிற்று. 45,000 கணினிகளைப் பத்தே நாட்களில் மீண்டும் ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. நட்டம் 25 கோடி முதல் 30 கோடி டொலர். வலையமைப்பை மீட்கத் தேவையான பதிவேட்டின் ஒரே பிரதி கானா நாட்டு அலுவலகத்தில் தப்பியிருந்தது. தாக்குதல் வேளையில் அங்கு மின்சாரம் நின்றிருந்ததாம்! மின்வெட்டைத் திட்டியே பழகிய நமக்கு இஃதொரு வியப்பு. 2023 யூலையில் ஜப்பானின் நகோயாத் துறைமுகம் முடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் அவுஸ்திரேலியாவின் நான்கு துறைமுகங்களில் ஏறத்தாழ 30,000 கொள்கலன்கள் தேங்கின.

நம் நாடு தப்பியதா? 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையே கப்பங் கேட்கும் நிரலொன்றுக்கு இரையாயிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் தொலைந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அக்காலத்துக்குரிய பிரதி வேறெங்கும் இல்லை. நூறு நாட் கடிதங்களைக் காக்க வகையற்ற அரசு, 2024இல் இருபதடிக் கணக்கில் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்ட துறைமுகத்துக்கு என்ன காவல் வைத்திருக்கிறது?

சட்டம் இருக்கிறதே என்பர். நீதிமன்றில் வாதாடி உண்ணும் நாமே சொல்கிறோம்: 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் குற்றவாளி கைக்குக் கிடைத்த பின்னரே கடிக்கும். கடலுக்கப்பால் முகமின்றி இருப்பவனை எந்தப் பிடியாணை கொண்டு எந்த நீதவான் முன் நிறுத்துவது? சர்வதேசக் கடல்சார் அமைப்பும் 2017இல் தீர்மானம் இயற்றி, 2021 முதல் கப்பல்களின் பாதுகாப்பு முறைமையில் இவ்வாபத்தையும் சேர்க்கப் பணித்தது. ஏட்டுக் காவலை மெய்க்காவலாக்க ஆள் வேண்டாமா?

துறைமுக அதிகார சபைக்கு மஹாபொல பயிற்சி நிறுவனம் உண்டு. மாலபேயில் சினெக் உண்டு. மொறட்டுவையிலும் பேராதனையிலும் பொறியியற் பீடங்கள் உண்டு. பிறநாட்டான் விற்ற கட்டுப்பாட்டுக் கருவியைத் திறந்து அதன் ஓட்டைகளை அறியும் ஆராய்ச்சி அங்கே நடைபெறட்டும். வாயிலில் நிற்கும் எழுதுவினைஞர் முதல் மாலுமி வரை போலிக் கடிதத்தை இனங்காணப் பயிலட்டும். ஆண்டுக்கொருமுறையேனும் கணினியை நிறுத்திவிட்டுக் கைப்பேரேட்டால் வாயிலை நடத்தும் ஒத்திகையும் வேண்டும்.

அப்பயிற்சியில் நமக்கும் இடம் வேண்டும். தமிழிலும் அது நடைபெற வேண்டும். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, எஞ்சியோர் 2003இற்றான் அதனை முழுதாய்ப் பெற்ற மக்களின் பிள்ளைகள், இன்றும் நானுஓயாவில் புகையிரதம் ஏறுவது கடைச் சிப்பந்தியாகவும் வீட்டுப் பணியாளராகவும் போவதற்கே! மடுவத்துத் தராசில் ஒரு கிலோ குறைந்தாற் கண்டுபிடிக்கும் தாய்மாரின் மக்களுக்குக் கணக்கிற் களவு காணும் கண் புதிதன்று. ஹட்டனில் ஒரு வகுப்பறை, இருபது கணினிகள், தமிழ் அறிந்த இரண்டு ஆசிரியர்கள்: இதற்கு எத்தனை ரூபா ஆகும் என அமைச்சர் கணக்குக் காட்டட்டும். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் அக்கேள்வியை எழுப்பும் மலையக உறுப்பினர் யார் என்பதைக் குறித்துவைக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.