உருவம் சரி, ஆள் சரியா?

காலையில் வண்டலூர் பூங்கா வரைக்கும் என்னோடு நடக்க வரும் பென்ஷன்காரர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், பேங்க் ஆப்பில் ஐ.எஃப்.எஸ்.சி. அடித்து முடித்ததுமே கிளையின் பெயர் தானாக வந்து நிற்கிறதே, எப்படி?"

பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்தக் குறியீட்டில் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்து வங்கி. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறும் கிளை. 'இந்த உருவத்தில் எது வந்தாலும் பிடி' என்று கணினிக்குச் சொல்லும் சுருக்கெழுத்துக்கு ரெஜெக்ஸ் என்று பெயர். அதில் வேண்டிய பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டால், அதை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளும். எடுத்ததை வேறொரு கணினிக்கு அனுப்பி, 'இது எந்தக் கிளை?' என்று கேட்கலாம். பதில் நம் திரைக்கு வரும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சர்வீஸ் முழுக்க நான் செய்ததும் இதுதானே! தபாலில் வரும் கடிதத்தில் 'பார்வை' என்ற இடத்தில் உள்ள ந.க. எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பதிவறைக்கு அனுப்புவேன். பழைய கோப்பு வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அம்மாள் எழுதிய கடிதத்தில் இரண்டு ந.க. எண்கள் இருந்தன. முதலாவதை எழுதி அனுப்பினேன். வந்தது சாலையோரப் புளியமர ஏலக் கோப்பு! திறந்துகூடப் பார்க்காமல் அதையே கடிதத்தோடு கட்டி மேலே அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அது திரும்பி வந்தது. அதுவரை அந்த அம்மாள் காத்திருந்தார். எண்ணின் உருவத்தில் பிழையில்லை. பிழை என்னுடையது.

கணினியும் அப்படித்தான். பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைப் போட்டால் தடுத்துவிடும். ஆனால் உருவம் சரியாக உள்ள வேறொரு கிளையின் எண்ணைப் போட்டால், கேள்வி கேட்காமல் அந்தக் கிளையைக் காட்டும். அது உருவத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

அதனால் என் கருத்து இது: எதைப் பிடித்தது, என்ன பதில் வந்தது என்று நம் கண்ணுக்குக் காட்டாமல் எந்த ஆப்பும் அடுத்த வேலையைச் செய்யக்கூடாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது இதற்காகத்தான். 'இதெல்லாம் நேரம் பிடிக்கும் தாத்தா' என்கிறான் பேரன். பிடிக்கட்டும். தவறான கணக்குக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்க அலைவதைவிட அரை நிமிஷம் பெரிதா?

ஆனால் காட்டினால் மட்டும் போதாது, நாமும் படிக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, சொல்வதெழுதுதல் முடிந்ததும் நோட்டை நீட்டினால் ஆசிரியர் வாங்கமாட்டார். "ரெலிசே!" என்பார். மறுபடி படியுங்கள் என்று அர்த்தம். பட்டனை அழுத்துமுன் இப்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.